வீட்டு இரத்த அழுத்தமானி: பச்சை விளக்கை எவ்வளவு நம்பலாம்?

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில், 71 வயதான என் தாயாருக்காக, மேற்கையில் கட்டி அளக்கும் மின்னணு இரத்த அழுத்தமானி ஒன்றை இணையக் கடையில் 2,150 ரூபாய்க்கு வாங்கினேன். பெட்டியில் அச்சிட்டிருந்த அதிகபட்ச விலை 3,290 ரூபாய். ஓராண்டுக்கும் மேலாக ஏறத்தாழ நாள்தோறும் பயன்படுத்திய பிறகே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். தயாரித்த நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. நான் சொல்லவிருக்கும் நிறைகளிலும் குறைகளிலும் பெரும்பகுதி இந்த விலையில் கிடைக்கும் எல்லாக் கருவிகளுக்கும் பொருந்தும் என்பதும், ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் படிப்பவரின் கவனம் அந்தப் பெயரோடு நின்றுவிடும் என்பதும் அதற்குக் காரணங்கள்.

வாங்க நேர்ந்த கதை சிறியது. அம்மா பத்தாண்டுகளாகப் பிரஷர் மாத்திரை சாப்பிட்டு வருகிறார். ஒரு நாள் மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோது மேல் எண் 168, கீழ் எண் 92 என்று காட்டியது. மாத்திரையின் அளவைக் கூட்டுவதற்கு முன்னால், ஒரு வாரம் வீட்டிலேயே காலையும் மாலையும் அளந்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார் மருத்துவர். நோயாளிகள் வரிசையில் நின்றுகொண்டிருந்த அந்த மாலையில், கூடுதலாக ஒரு மாத்திரையை எழுதிக் கொடுத்து எங்களை அனுப்புவது அவருக்கு எளிதாக இருந்திருக்கும். அப்படிச் செய்யாததற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

பெட்டிக்குள் கருவி, 22 முதல் 32 சென்டிமீட்டர் வரை சுற்றளவுள்ள கைக்குப் பொருந்தும் கஃப் (கையைச் சுற்றிக் கட்டிக் காற்றேற்றும் பட்டை), நான்கு பேட்டரிகள், ஒரு சிறு கையேடு ஆகியவை இருந்தன. மின் இணைப்புக்கான அடாப்டரைத் தனியாக வாங்க வேண்டும். கையேடு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருந்தது. வீட்டில் இருக்கும் முதியவர்கள் தாமாகவே பயன்படுத்த வேண்டிய ஒரு மருத்துவக் கருவியைத் தமிழ்நாட்டில் விற்கும்போது தமிழில் ஒரே ஒரு தாளையாவது வைக்காததை நான் சிறிய குறையாகக் கருதவில்லை. எப்படி உட்கார வேண்டும், கையை எங்கே வைக்க வேண்டும் என்ற குறிப்புகள்தாம் கையேட்டிலேயே முக்கியமானவை; அவற்றைத்தான் அம்மாவால் படிக்க முடியவில்லை.

துல்லியத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் ஏமாறும் இடம் அதுதான். பெட்டியின் பக்கவாட்டில் ‘துல்லியம்: கூட்டல் கழித்தல் 3 மில்லிமீட்டர் பாதரசம்’ என்று, இரத்த அழுத்தத்தின் அலகில், போட்டிருக்கிறது. படிப்பவர்கள், தம் இரத்த அழுத்தத்தை இக்கருவி மூன்று புள்ளிக்குள் சரியாகச் சொல்லிவிடும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அந்த மூன்று புள்ளி, கருவிக்குள் இருக்கும் உணரி காற்றின் அழுத்தத்தை எவ்வளவு சரியாக அளக்கிறது என்பதை மட்டுமே குறிக்கிறது. மனிதரின் கையில் கட்டும்போது கிடைக்கும் எண் சரியா என்பது வேறொரு சோதனை. 2018-இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 81060-2 என்ற சர்வதேசத் தரநிலைப்படி, பொதுவாகக் குறைந்தது 85 பேரிடம் பயிற்சி பெற்றவர்கள் கையால் அளந்த அளவுகளோடு கருவியின் அளவுகளை ஒப்பிட்டு, சராசரி வேறுபாடு 5 மில்லிமீட்டருக்குள்ளும், வேறுபாடுகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைக் காட்டும் திட்ட விலக்கம் 8 மில்லிமீட்டருக்குள்ளும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தச் சோதனையில் தேறிய மாதிரிகளின் பட்டியலை ‘ஸ்ட்ரைட் பி.பி.’ என்ற அமைப்பு இணையத்தில் இலவசமாக வெளியிடுகிறது. நான் வாங்கிய மாதிரியின் எண் அதில் இருந்தது. அதைப் பார்த்த பிறகே வாங்கினேன். அதே நிறுவனத்தின் விலை குறைந்த இன்னொரு மாதிரி பட்டியலில் இல்லை என்பதையும் கவனித்தேன். ஆகவே நிறுவனத்தின் பெயரைவிட மாதிரியின் எண்ணைப் பார்த்து வாங்குவதே சரி.

பழைய பாதரசக் கருவிதான் நம்பகமானது என்று எங்கள் தெருவில் இன்னும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை முற்றிலும் குறை சொல்ல முடியாது. 1896-இல் இத்தாலிய மருத்துவர் ரீவா-ரோச்சி கஃபையும் பாதரசக் குழாயையும் இணைத்தார். 1905-இல் ருஷ்ய மருத்துவர் கொரோட்கோவ், ஸ்டெதஸ்கோப்பை முழங்கை மடிப்பில் வைத்துக் கேட்டால் இரத்தம் மீண்டும் பாயத் தொடங்கும் ஓசையும் அது அடங்கும் இடமும் தெரியும் என்று விளக்கினார். நூறாண்டுக்கும் மேலாக உலகம் அந்த ஓசையைக் கேட்டே அளந்து வந்தது. மின்னணுக் கருவி எதையும் கேட்பதில்லை. காற்று இறங்கும்போது நாடித் துடிப்பினால் கஃபுக்குள் ஏற்படும் மிகச் சிறிய அதிர்வுகளை அளந்து, அவற்றிலிருந்து மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் கணக்கிட்டுச் சொல்கிறது. அந்தக் கணக்கு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி. வெளியே சொல்ல மாட்டார்கள். ஒரு நிறுவனத்தின் கஃபை இன்னொரு நிறுவனத்தின் கருவியில் மாட்டக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். இருந்தாலும், பாதரசத்தின் நச்சுத்தன்மை கருதி 2013-ஆம் ஆண்டின் மினமாட்டா என்ற பன்னாட்டு உடன்படிக்கை பாதரசக் கருவிகளுக்கு விடைகொடுக்கச் சொல்லிவிட்டது. கேட்டு அளப்பதற்குப் பயிற்சியும் அமைதியும் வேண்டும், இரண்டும் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. சோதனையில் தேறிய மின்னணுக் கருவியே இன்றைக்கு ஒரு வீட்டுக்கு உரியது என்பதில் எனக்கு ஐயம் இல்லை.

வாங்கிய முதல் வாரத்திலேயே ஒரு பாடம் கிடைத்தது. வேடிக்கையாக என் கையிலும் கட்டிப் பார்த்தேன். 141 என்று காட்டியது. மறுநாளும் அவ்வாறே. கவலையோடு தையல்காரரின் அளவு நாடாவை எடுத்து மேற்கையைச் சுற்றி அளந்தபோது 34 சென்டிமீட்டர் இருந்தது. கஃபின் எல்லையோ 32. சிறிய கஃபைப் பருத்த கையில் கட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும் என்பது மருத்துவ உலகில் நன்கு தெரிந்த செய்தி. அதே நிறுவனத்தின் பெரிய கஃபை 690 ரூபாய் கொடுத்துத் தனியாக வாங்கிக் கட்டியபோது என் அளவு 130-ஐ ஒட்டியே நின்றது. பத்துப் புள்ளி வேறுபாட்டில் ஒரு மனிதர் நோயாளியாகவும் ஆகலாம், ஆகாமலும் இருக்கலாம். வாங்குபவர்கள் முதலில் தம் கையை அளந்துவிட்டு அதற்கேற்ற கஃபோடு கருவியை வாங்க வேண்டும். விற்பவர் யாரும் இதைக் கேட்பதில்லை.

அளக்கும் முறையைப் பற்றி அம்மாவோடு நடந்த போராட்டம் தனிக்கதை. அடுப்படியிலிருந்து நேராக வந்து கையை நீட்டுவார். அளக்கும்போதே பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிப் பேசுவார். முதுகைச் சாய்த்து, கால்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் மேசை மீது வைத்த பிறகே பொத்தானை அழுத்த வேண்டும். கை நெஞ்சு மட்டத்துக்குக் கீழே பத்து சென்டிமீட்டர் தாழ்ந்தால் எட்டு மில்லிமீட்டர் வரை கூடுதலாகக் காட்டக்கூடும். காப்பி குடித்து அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காரக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளக்க வேண்டும். இவ்வளவையும் ஏழு நாள் கடைப்பிடித்து, முதல் நாளின் எண்களைத் தள்ளிவிட்டு மீதியைச் சராசரி பார்த்தபோது 131-க்கு 78 என்று வந்தது. மருத்துவமனையில் 140-க்கு 90 என்பது எல்லைக்கோடு என்றால், வீட்டு அளவுக்கு அது 135-க்கு 85. அம்மாவின் அளவு அதற்குள்ளேயே இருந்ததால் மருத்துவர் மாத்திரையைக் கூட்டவில்லை. மருத்துவரைக் கண்டதும் ஏறி, வீட்டுக்கு வந்ததும் இறங்கும் அழுத்தத்துக்குக் கூடுதல் மாத்திரை கொடுத்திருந்தால் அம்மாவுக்குத் தலைச்சுற்றலும், ஒருவேளை குளியலறையில் ஒரு வீழ்ச்சியும் நேர்ந்திருக்கலாம். கருவிக்குக் கொடுத்த பணம் அந்த ஒரு வாரத்திலேயே திரும்பிவிட்டது என்று நினைத்தேன்.

கருவி வீட்டில் இருப்பது தெரிந்ததும் அக்கம்பக்கத்தார் வரத் தொடங்கினார்கள். மாலையில் திண்ணையில் மேசையைப் போட்டு, வந்தவர்களை முறைப்படி உட்கார வைத்து அளந்து, ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். ஒருவரையும் ஒரே நாள் அளவை வைத்து முடிவு கட்டவில்லை. அம்மாவையும் என்னையும் நீக்கிவிட்டுப் பார்த்தால், அந்த ஆண்டில் தொடர்ந்து வந்த பெரியவர்கள் 14 பேர். அவர்களில் அழுத்தம் உள்ளவர்கள் என்று சொல்லத்தக்கவர்கள் ஆறு பேர். அந்த ஆறு பேரில் மூன்று பேருக்குத்தான் முன்பே அது தெரியும். தெரிந்தவர்களில் இரண்டு பேர் மாத்திரை சாப்பிட்டு வந்தார்கள். அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர் ஒரே ஒருவர்.

பதினான்கு பேரை வைத்து நாட்டைப் பற்றிப் பேசுவது தவறு என்பது எனக்குத் தெரியும். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட உயர் இரத்த அழுத்த அறிக்கையில் இந்தியாவைப் பற்றிய பகுதியைப் படித்தபோது என் நோட்டின் படிக்கட்டு நினைவுக்கு வந்தது. 30 முதல் 79 வயது வரையுள்ள இந்தியர்களில் ஏறத்தாழ 18.8 கோடிப் பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதாகவும், அவர்களில் 37 விழுக்காட்டினருக்கே அது கண்டறியப்பட்டிருப்பதாகவும், 30 விழுக்காட்டினரே சிகிச்சை பெறுவதாகவும், 15 விழுக்காட்டினருக்கே அது கட்டுக்குள் இருப்பதாகவும் அந்த அறிக்கை கூறுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ‘இண்டியாப்’ ஆய்வு, அதே 2023-இல், பெரியவர்களில் 35.5 விழுக்காட்டினருக்கு, அதாவது 31.5 கோடிப் பேருக்கு, அழுத்தம் உயர்ந்திருப்பதாகக் கணித்தது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வோ 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 24 விழுக்காடு, பெண்களில் 21 விழுக்காடு என்றது. வயது வரம்பும் அளந்த முறையும் மாறுபடுவதால் எண்கள் மாறுகின்றன. எந்தக் கணக்கை எடுத்தாலும், நீரிழிவு காட்டும் தாகத்தையோ எடைக்குறைவையோ காட்டாமல், பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ சிறுநீரகச் செயலிழப்பாகவோ வெளிப்படும் வரை பெரும்பாலும் வாய் திறக்காத ஒரு நோய் இத்தனை கோடிப் பேரிடம் இருக்கிறது. அதை வெளியே கொண்டுவருவதற்கு அளப்பதைத் தவிர வேறு வழி இல்லை. இந்த ஒரு வேலையில் என் கருவி முழு மதிப்பெண் பெறுகிறது: தமக்கு அழுத்தம் இருப்பதே தெரியாத மூன்று பேரை அது ஒரே தெருவில் காட்டிக் கொடுத்தது.

அந்த மூவரில் ஒருவர் ஆட்டோ ஓட்டுபவர், வயது 38. மூன்று மாலைகளில் எடுத்த அளவின் சராசரி 172-க்கு 106. “தலைகூட வலிக்கலையே சார், மெஷின்ல ஏதோ கோளாறு” என்றார். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொன்னேன். அங்கே மீண்டும் அளந்து பார்த்து, அம்லோடிபின் 5 மில்லிகிராம் மாத்திரையை இலவசமாகக் கொடுத்தார்கள். ஐந்து வாரம் கழித்து என் திண்ணைக்கு வந்தபோது அளவு 132-க்கு 82.

கருவியின் மிகப் பெரிய குறையை அன்றைக்குத்தான் கண்டேன். இந்த மாதிரியில் எண்களுக்குப் பக்கத்தில் ஒரு வண்ணப் பட்டை இருக்கிறது. அளவு கூடினால் சிவப்பு, நடுவில் மஞ்சள், இயல்பாக இருந்தால் பச்சை. விளம்பரத்தில் இதைத்தான் முதல் சிறப்பாகச் சொல்கிறார்கள். படிக்கத் தெரியாதவருக்கும் புரியும் என்று வாங்கும்போது நானும் பாராட்டினேன். ஆட்டோக்காரர் பச்சையைப் பார்த்தார். மாத்திரையினால் வந்த பச்சை அது என்பதைக் கருவி சொல்லவில்லை. நானும் அப்போது போதுமான அழுத்தத்தோடு சொல்லவில்லை. சரியாகிவிட்டது என்று முடிவு செய்து மாத்திரையை நிறுத்திவிட்டார். இரண்டு மாதம் கழித்து வந்தபோது பட்டை மறுபடியும் சிவந்து, மேல் எண் 168-இல் நின்றது. மாத்திரையும் கிடைத்தது, கருவியும் வேலை செய்தது, மருத்துவமும் பலித்தது. பலித்ததே அவரை நிறுத்த வைத்தது. கண்டறிவதில் சறுக்குவதை மட்டுமே பார்த்துவந்த எனக்கு, அதற்கடுத்த படியில் எப்படி வழுக்குகிறார்கள் என்பது அன்று விளங்கியது.

இந்த வழுக்கலைக் கருவி செய்பவர்களைவிட அரசுத் திட்டங்களை வகுத்தவர்கள் நன்றாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். 2017-இல் தொடங்கிய இந்திய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முன்முயற்சி, பஞ்சாப், கேரளம், மத்தியப் பிரதேசம், தெலங்கானா, மகாராஷ்டிரம் ஆகிய ஐந்து மாநிலங்களின் 25 மாவட்டங்களில் முதலில் செயல்பட்டது. அதன் வழிமுறையில் புதுமை என்று கண்ணைப் பறிக்க எதுவும் இல்லை. எல்லாருக்கும் ஒரே எளிய மருந்து வரிசை, தட்டுப்பாடில்லாத மாத்திரை, வீட்டுக்கு அருகிலேயே பின்தொடர் கவனிப்பு, வராதவர்களைக் கண்டுபிடித்து அழைக்க உதவும் பதிவேடு அல்லது செயலி ஆகியவையே அதன் உறுப்புகள். 2022-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது அதற்குக் கிடைத்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோய், மகளிர் சுகாதாரத் தன்னார்வலரைக் கருவியோடும் மாத்திரையோடும் வீட்டு வாசலுக்கே அனுப்பியது. எங்கள் தெருவுக்கு வரும் தன்னார்வலர் கையில் இருப்பதும் என்னுடையதைப் போன்ற மின்னணுக் கருவிதான். ஆனால் அவருடைய பதிவேட்டில் யார் சென்ற முறை மாத்திரை வாங்கவில்லை என்பது இருக்கிறது. என் கருவியின் நினைவகத்தில் 60 அளவுகள் இருக்கின்றன. அவற்றில் யாருடைய அளவு எது என்பதுகூட இல்லை. அளக்க வராமல் போனவரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ஆட்டோக்காரரோ பகலில் வீட்டில் இருப்பவர் அல்லர். உழைக்கும் வயதினருக்காக 2024-இல் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ என்று பணியிடங்களுக்கே போகத் தொடங்கினார்கள். சக்கரத்தின் மேல் இருக்கும் பணியிடத்தை யாரும் எளிதில் தேடிப் பிடித்துவிட முடியாது.

மற்ற குறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கைப்பேசிச் செயலி, அளவுகளைச் சேமிப்பதற்கு முன்னால் தொலைபேசி எண்ணையும் இருப்பிடத்தையும் கேட்டது. நீக்கிவிட்டு நோட்டுக்கே திரும்பினேன். ஒன்பதாம் மாதத்தில் கஃபின் ஒட்டுப்பட்டை பிடிப்பிழந்தது. உத்தரவாதம் இருந்தும், கூரியரில் அனுப்பி மாற்றுக் கஃபைப் பெற 18 நாள் ஆனது; பழைய கஃபோடு அளந்தால் காற்றேறும்போதே அவிழ்ந்துவிடும் என்பதால் அந்த நாட்களில் நோட்டு வெறுமையாக இருந்தது. சீரற்ற துடிப்பைக் குறிக்கும் சின்னத்தைப் பற்றி மட்டும் நல்ல வார்த்தை சொல்ல வேண்டும்: எதிர்வீட்டு 76 வயதுப் பெரியவருக்கு அந்தச் சின்னம் மீண்டும் மீண்டும் வந்ததால் ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னோம்; ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற துடிப்புக் கோளாறு தெரியவந்தது. இத்தகையவர்களிடம் ஒரே அளவை நம்பாமல் மூன்று முறை அளந்து சராசரி பார்க்க வேண்டும்.

விலையைப் பொறுத்தவரை, 2021 ஜூலையில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் இரத்த அழுத்தமானி உட்பட ஐந்து கருவிகளின் வர்த்தக லாபத்துக்கு 70 விழுக்காடு வரம்பு விதித்தது. அச்சிட்ட விலைக்கும் நான் கொடுத்த விலைக்கும் இடையில் அதன் பிறகும் ஆயிரம் ரூபாய்க்கு மேல் இடைவெளி இருப்பதால், மருந்துக் கடையில் அச்சிட்ட விலையைக் கொடுத்து வாங்குவதில் பொருள் இல்லை. மணிக்கட்டில் கட்டும் வகை இன்னும் மலிவாகக் கிடைக்கிறது. கையின் உயரம் சற்று மாறினாலும் எண் மாறிவிடும் என்பதால் அதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். வீட்டில் ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர் இருந்தால், சோதனையில் தேறிய மாதிரியைச் சரியான கஃபோடு வாங்கலாம். பதற்றக்காரர்கள் வாங்கிவிட்டு மணிக்கு ஒரு முறை அளக்கத் தொடங்கினால் அளப்பதே அழுத்தத்தை ஏற்றிவிடும். என் மைத்துனரிடமிருந்து கருவியைத் திரும்ப வாங்கி வைக்க வேண்டியதாயிற்று. ஊறுகாயையும் அப்பளத்தையும் தொடர்ந்து உண்டுகொண்டே எண் இறங்குமா என்று தினமும் பார்ப்பதற்கும் இது உதவாது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி, உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. எங்கள் வீட்டுச் சாம்பார் மட்டுமே அதில் பாதியை எடுத்துக்கொண்டிருக்கும் என்பது என் ஊகம்.

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுக்கிறேன். ஒன்றைத் தமிழ்க் கையேடு இல்லாததற்கும், அரையை வண்ணப் பட்டைக்கும் குறைத்திருக்கிறேன். ஆட்டோக்காரர் இப்போது சனிக்கிழமை மாலையில், சவாரி முடிந்து வருகிறார். அளப்பதற்கு முன்னால் மாத்திரை அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைக்க வேண்டும் என்பது எங்களுக்குள் ஏற்பாடு. காலியான குழிகளை எண்ணி நோட்டில் முதலில் எழுதிவிட்டு, அதற்குப் பக்கத்தில் அழுத்தத்தை எழுதுகிறேன். கருவியின் வண்ணப் பட்டையின் மேல் மின்பணியாளர் பயன்படுத்தும் கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டேன். எண் மட்டும் தெரிகிறது.